வலது பக்கம் சத்தமில்லை

"வாயைத் திற தங்கம். ஒரே ஒரு மடக்கு."

பாப்பா உதட்டை இறுக்கிக்கொண்டாள். மூன்றரை வயதுக்கு அந்த உதட்டில் அத்தனை பலம்.

சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மகளை மடியில் சாய்த்து, அவள் கால்கள் இரண்டையும் தன் முழங்காலுக்குள் இடுக்கி வைத்திருந்தாள் அம்மா. கரண்டியில் கஷாயம். ஆறினால் வீரியம் போய்விடும்.

ஆடாதோடை, சுக்கு, மிளகு, அதிமதுரம்.

பனிக்காலம் பிறந்துவிட்டால் அந்தக் கட்டடத்தில் முதலில் தட்டப்படுவது அவள் வீட்டுக் கதவுதான். கஷாயக்காரம்மா என்றே பேர் ஆகிவிட்டது. கீழ்வீட்டு வாத்தியாரின் நெஞ்சுச்சளியைக் கரைத்தவள். எதிர்வீட்டுப் பாட்டுக்காரிக்குக் கட்டிப்போன தொண்டையை இரண்டே நாளில் திறந்துவிட்டவள்.

சொந்த மகளின் இருமல் மட்டும் மூன்று வாரமாக மசியவில்லை.

துளசிச் சாறு கொடுத்தாள். கற்பூரவல்லி கொடுத்தாள். திப்பிலியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். ஒவ்வொன்றுக்கும் கேட்பதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, இருமல் மறுபடியும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்று காலையிலிருந்து அதோடு ஒரு விசில் சத்தமும் சேர்ந்திருந்தது.

டாக்டரிடம் போய்விடலாம் என்று அவள் கணவன் நாலைந்து தடவை சொல்லிவிட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் பதில் ஒன்றுதான். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்.

ஊர் இருமலையெல்லாம் நிறுத்தும் கை. அந்தக் கையைப் புருஷனே நம்பவில்லை என்பதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பாப்பா இருமினாள். கஷாயம் தளும்பிச் சட்டையெல்லாம் கொட்டியது. இருமலோடு அழுகையும் வந்தது. மூச்சை இழுக்கும்போது கழுத்தடியில் சின்னதாக ஒரு குழி விழுந்து எழுந்தது.

அவள் மறுபடி கரண்டியை நிரப்பினாள்.

"வேடிக்கை பாத்துட்டு நிக்காதீங்க. வந்து தலையைப் பிடிங்க."

பட்டறைக்குக் கிளம்பி வாசலில் நின்றவன் செருப்போடு உள்ளே வந்தான். தலையைப் பிடிக்கவில்லை. மண்டி போட்டு, மகளின் சட்டையைத் தூக்கி, முதுகில் காதை வைத்தான்.

அவன் மெக்கானிக். இன்ஜினையும் அப்படித்தான் கேட்பான். நீளத் திருப்புளியின் ஒரு முனையை இன்ஜின் மேலும் இன்னொரு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவான். எந்த இடத்தில் விரலை வைக்கிறானோ அங்கேதான் கோளாறு இருக்கும்.

வலது பக்கம் கேட்டான். இடது பக்கம் கேட்டான். திரும்பவும் வலது பக்கம்.

அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போவதை அவள் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் காத்தே போகல."

கரண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கித் தொட்டியில் எறிந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினான். அடுப்பை அணைத்தோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல் அவளும் பின்னாலேயே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூச்சுக்குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, மயக்கம் கொடுத்து, குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஒரு தாளை நீட்டினார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் விரல்களில் இன்னும் சுக்கு வாசனை அடித்தது. முந்தானையில் அழுந்தத் துடைத்தாள். போகவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"பாப்பா நல்லா இருக்கா. நல்லாவே மூச்சு விடுறா."

அவள் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். அதற்குள் டாக்டரம்மா கையிலிருந்த சின்னக் கிண்ணத்தை நீட்டினார். அதில் கறுத்து, உப்பி, சளி படிந்து கிடந்தது ஒரு முழுக் கிராம்பு.

"வலது பக்கம் சிக்கி, ஊறிப்போய்க் கெடந்துச்சு. இருமலுக்குன்னு இதைச் சின்னப் பிள்ளை வாயில போட்டது யாரு?"

கேள்வி இருவருக்கும் பொது. பார்வை மட்டும் சுக்கு வாசனை அடித்த அவள் மேல் விழுந்தது.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஒரு மிளகைக்கூட அவள் முழுசாகக் கொடுத்ததில்லை. இடித்து, சலித்து, துணியில் வடிகட்டாமல் ஒரு சொட்டு அந்த வாய்க்குள் போனதில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.

சாட்சிக்குக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நீ குளிச்சிட்டு இருந்த. லேசாத்தான் இருமினா. ஒரு கிராம்பை வாயில போட்டேன்." குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "முழுங்கிட்டான்னுதான் நெனச்சேன்."



டாக்டரிடம் போகலாம் என்று அத்தனை தடவை சொன்னானே, அப்போது அவன் குரலில் இருந்தது அவள் கைமேல் சந்தேகம் இல்லை. பயம். ஏன் என்று அவன் சொல்லவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. ரெண்டு நாள், ரெண்டு நாள் என்று மூன்று வாரத்தை ஓட்டியது அவள்தான்.

அவன் டாக்டரம்மாவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான்.

அவள் முந்திக்கொண்டாள்.

"குடுத்துட்டோம் டாக்டர்," என்றாள்.