வண்டி யார் பேர்ல?

"இனிமே வண்டி நான்தான் ஓட்டுவேன். இவர் பின்னாடி உட்காரட்டும்."

பைக் ஷோரூமுக்குள் நுழைந்ததும் அந்தம்மா சொன்னது இதுதான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சேல்ஸ்மேனுக்குச் சுருக்கென்றது. அந்தம்மாவுக்குப் பின்னால் சிரித்தபடி நின்றவர் அவனுடைய கணக்கு வாத்தியார். வீடு வீடாக பைக்கில் வந்து டியூஷன் எடுப்பவர். தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே பந்தைப் போட்டுவிட்டு நோட்டைத் தேடி ஓடிய கூட்டத்தில் அவனும் ஒருத்தன்.

"சார், என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்னடா? பின்னம்னாலே பின்னாடி போய் ஒளியறவன்தானே நீ!"

"உங்களுக்குத்தான் வண்டின்னு நினைச்சேன் சார்."

"எனக்கில்லப்பா. மேடத்துக்கு."

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து ஆசை," என்றாள் அந்தம்மா. "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது ஹேண்டில்பாரைத் தொட விட்டிருப்பாரா? இப்ப லைசென்ஸே வாங்கிட்டேன். இனி யார் தடுக்கறான்னு பார்க்கறேன்."

சார் அதற்கும் சிரித்தார்.

முதலில் ஒரு சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கால் நுனிதான் தரையில் பட்டது.

"இது வேணாம்," என்றார் சார். "சிக்னல்ல நின்னா சாய்ஞ்சிடும். புதுசா ஓட்டறவங்களுக்கு ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியணும். வண்டி கனமும் கம்மியா இருக்கணும்."

"ஓட்டப்போறது நானா, நீங்களா?"

சார் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஆனாலும் இறங்கிவிட்டாள். அடுத்து, உயரம் குறைந்த சாதாரண வண்டி ஒன்று. அதில் பாதம் பதிந்தது. உடனே சாரைப் பின்சீட்டில் ஏறச் சொன்னாள்.

"கால் வைக்கற இடம் சரியா இருக்கா? பிடிச்சுக்கற கம்பி எட்டுதா? நல்லா அழுத்தி உட்காருங்க."

சந்தைக்குப் போகிற மூட்டையை ஏற்றிப் பார்ப்பதுபோல இருந்தது சேல்ஸ்மேனுக்கு.

"இதையே போடுங்க," என்றாள்.

மேஜைக்கு வந்தார்கள்.

"இன்ஷூரன்ஸ் எப்படி மேடம்? நாம அடுத்தவங்க மேல இடிச்சா அவங்களுக்கு மட்டும் கிடைக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு. நம்ம வண்டிக்கும் சேர்த்து ஃபுல் கவர் ஒண்ணு இருக்கு."

"ஃபுல்லே போடுங்க. கத்துக்குட்டி நான், எப்படியும் எங்கேயாவது கொண்டுபோய் உருட்டத்தான் போறேன். பின்னாடி உட்கார்றவருக்கும் சேர்த்துப் போடுங்க."

அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சார், உங்க பழைய வண்டிக்கு எப்பவாவது இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பண்ணியிருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்லையே!"

"அப்ப அதைக் குடுத்துட்டு இந்த வண்டியை உங்க பேர்ல எடுங்க சார். க்ளெய்ம் பண்ணாததுக்கான தள்ளுபடி அப்படியே இதுக்கு வந்துடும். ஓட்டறது மேடமே ஓட்டட்டும்."

சாரின் முகம் என்னவோபோல் ஆனது. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம். வண்டி என் பேர்லதான்."

"மேடம், சும்மா வர்ற தள்ளுபடியை ஏன்..."

"கரண்ட் பில், தண்ணி பில், வாடகை ரசீது, வீட்டுல எல்லாமே இவர் பேர்லதான் இருக்கு. ஒண்ணாவது என் பேர்ல இருக்கட்டும். எழுதுங்க."

பக்கத்து மேஜையில் இருந்தவர் களுக்கென்று சிரித்தார். சார் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

சேல்ஸ்மேனுக்குப் பொறுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். சார்னா எங்களுக்கெல்லாம் உசிரு. நாலு பேர் முன்னாடி அவரை நீங்க இப்படித் தூக்கியெறிஞ்சு பேசறது பார்க்கவே கஷ்டமா இருக்கு. அவர் பேர்ல இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

அந்தம்மா சார் போன பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அவர் பேர்ல எடுத்தா அடுத்து என்ன கேப்பீங்க?"

"லைசென்ஸ் கேப்போம். வண்டிக்குச் சொந்தக்காரருக்கு விபத்து இன்ஷூரன்ஸ் போட அது வேணுமே."

"அது அவர்கிட்ட இல்ல தம்பி."

அவன் பேனாவை வைத்துவிட்டான்.

"கண்ணுல பிரஷர். நேரே இருக்கறது தெரியும், பக்கத்துல வர்றது தெரியாது. போன பார்வை திரும்பாதாம். இனி வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதும், நேரா போய் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் சாப்பாடு இறங்கல அவருக்கு. 'இனிமே என்னை யாராவது சுமந்துக்கிட்டுத் திரியணுமே'ன்னு ஒரே புலம்பல். அவர் பாடம் சொல்லிக்குடுத்த பையனே அவர்கிட்ட லைசென்ஸ் எங்கேன்னு கேட்டுடக்கூடாதே."

அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"எதுக்கு? சாருக்காக நாலு வார்த்தை கேட்டீங்களே, நல்லதுதான்."

சார் திரும்பி வந்தார்.

"என்னப்பா, இன்னும் முடியலையா? அவ இஷ்டப்படியே எழுதிடு. பாவம், எத்தனை வருஷத்து ஆசை! நான்தான் இவ்வளவு நாளா விட்டுக்கொடுக்காம இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு, மனைவிக்கு வாங்கிக் கொடுத்த வண்டியைத் தட்டிப் பார்க்க நிமிர்ந்த நடையோடு போனார்.

"நல்லவேளைம்மா," என்றான் சேல்ஸ்மேன். "உங்களுக்கு முன்னாடியிலேர்ந்தே பைக் மேல ஆசை இருந்தது. இல்லன்னா சார் ரொம்ப நொந்து போயிருப்பார்."

அந்தம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஆசையா? இவருக்குக் கண்ணு இப்படி ஆகற வரைக்கும் நான் சைக்கிளைக்கூடத் தொட்டதில்ல தம்பி. அவர்கிட்ட சொல்லிடாதீங்க."