ஐந்து மணித் தொண்டர்

நகராட்சி குடிநீர் விநியோகத்தைச் சேவை அமைப்பிடம் ஒப்படைத்தபோது, பழைய ஊழியர்களின் வேலை நேரத்தில் கை வைக்கக் கூடாதென்று சட்டம் சொன்னது. அமைப்பும் கை வைக்கவில்லை. மாலை ஐந்தானதும், வால்வு திறக்கும் பொற்கிளியின் கைப்பட்டை மட்டும் நீலத்திலிருந்து பச்சையாகி, "அன்புத் தொண்டரே, வருக" என்று குழையும். அதற்குமேல் அவள் ஊழியர் அல்ல; சம்பளமில்லாத் தொண்டர்.

அன்றும் குழைந்தது.

"இன்னும் நாலு தெரு பாக்கிம்மா," என்றார் அமைப்பின் வெள்ளை வேட்டிச் செயலாளர் தேவசகாயம்.

"தொண்டுன்னா மனசு வந்து செய்யறதுதானே சார்?"

"பின்னே? நானெல்லாம் நாள் முழுக்கத் தொண்டன்தான்."

"எனக்கு இன்னிக்கு மனசு வரல சார்."

இடுப்பளவு உயர இரும்பு வால்வுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள் பொற்கிளி.

"நாலாவது தெரு வால்வு கொஞ்சம் இறுக்கம். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் திருப்புங்க."