கரைக்கு வராதவர்கள்: 0

மேசைத் தலைப்பக்கம் மீன்வளத்துறை உதவி இயக்குநர் திருமேனி. அவருக்கு வலப்புறம் படகுச் சங்கத் தலைவர் சவரிமுத்து. கதவோரம் எழுத்தர் அன்னபாக்கியம். சுவரை ஒட்டி, கணினி முன்னால், நிரல் எழுதும் அவள்.

எல்லார் கண்ணும் சுவர்த்திரையில்.

கரைக்கு வராதவர்கள்: 0.

புயல் கழிந்து நாலாம் நாள்.

"பரீட்சையில இந்தப் பூஜ்யத்தை வாங்கிட்டு அழுதிருக்கேன். இன்னைக்குத்தான் இனிக்குது," என்றார் சவரிமுத்து, கணினிப் பக்கம் திரும்பி. "உன் வாய்ல சீனி போடணும், தாயி."

தேடும் கப்பல்களைத் திரும்பி வரச் சொல்லும் கடிதத்தில் திருமேனி கையெழுத்துப் போட்டார்.

அவள் தன் திரையில் பட்டியலைக் கீழே உருட்டினாள்.

கரை சேராதவர்களைக் காட்டும் சிவப்பில் இன்னும் மூன்று வரிகள் இருந்தன.

தரவுத்தளத்தில் எண்ணிச் சுவர்த்திரையில் காட்டும் நிரல் அவள் எழுதியது. ஆளை எண்ணச் சொல்லவில்லை. அடையாள அட்டை எண்களை எண்ணச் சொல்லியிருந்தாள். அந்தக் கட்டம் காலியென்றால் ஆள் கணக்கிலேயே வரமாட்டான்.

கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாகப் படகேறுகிறவனுக்கு ஏது அட்டை?

நாலு நாளாக ஊரே நம்பிய எண்.

"சார், அனுப்பாதீங்க. இன்னும் மூணு பேர் கடல்ல இருக்காங்க. எண்ணினது தப்பு."

"நீதானேம்மா செஞ்சே?"

"நான்தான் சார்."

சிரிப்பு அடங்கியது.

"அட்டை இல்லாதவனை ஏத்துனோம்னு எழுத்துல போனா படகோட லைசென்ஸ் போயிரும்," என்றார் சவரிமுத்து. இந்த முறை தாயி என்று சொல்லவில்லை.

திருமேனி பேனாவை மூடினார். திரையைப் பார்த்தார். பிறகு அவளை.

"எழுதிக் கொடு. உன் கையெழுத்தோட."

தவறு என்னுடையது என்று தொடங்கினாள். தேடலை நிறுத்த வேண்டாம் என்று எழுதினாள். கீழே, ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுப் பெயர்கள்.

மூன்றாவது வரியில் பெயர் இல்லை. பதிவில் 'சமையல் ஆள்' என்று மட்டும் இருந்தது. அதையே எழுதப் போனாள்.

"அப்படி எழுதாதே."

சவரிமுத்து எழுந்து நின்றிருந்தார். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மரியசூசை," என்றார். "என் படகுல போனவன்தான்."

அவள் எழுதினாள்.

அன்னபாக்கியம் பழைய கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள். புதியதை மடித்து உறையிலிட்டு ஒட்டினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். வாசலில் உறையோடு பைக் கிளம்பித் துறைமுகச் சாலையில் திரும்பும்வரை யாரும் உட்காரவில்லை.