கை ஊன்றாமல்

அம்மா தரையில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அவளைத் தூக்கிவிடக் கை நீட்டவில்லை.

மகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "ஐயோ, என்னம்மா ஆச்சு!"

"கிட்ட வராதே, மாஸ்டர் திட்டுவார்" என்றாள் அம்மா. "விழுந்தா எப்படி எழுந்திருக்கிறதுன்னு சொல்லிக் குடுத்திருக்கார். முதல்ல ஒருக்களிக்கணுமாம்."

ஒருக்களித்தாள். முழங்காலில் நின்றாள். பக்கத்து நாற்காலியைப் பிடித்து, முக்கி முனகி எழுந்தேவிட்டாள். இரும்பு தூக்கிக்கொண்டிருந்த இளவட்டங்கள் கை தட்டினார்கள். மகள் மட்டும் தட்டவில்லை.

இத்தனைக்கும் ஜிம்முக்கு அழைத்து வந்தவளே அவள்தான்.

அம்மா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். ஒரு நாள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். அடி பலமில்லை, எழுந்திருக்கத்தான் தெம்பில்லை. வேலை முடிந்து மகள் தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை, பிற்பகல் முழுக்க அந்த ஈரத் தரையிலேயே கிடந்தாள்.

"போதும்மா, கிளம்பு. என் வீட்டுல ஒரு அறை சும்மாத்தானே கிடக்கு?" என்று அன்றே துணிமணியை மூட்டை கட்டினாள் மகள்.

"மூட்டையைப் பிரிடி." அம்மா ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். உடம்பு தளர்ந்தாலும் குரல் கணீரென்றுதான் இருந்தது. "கையை ஊணாம நானே எழுந்து காட்டறேன். கடைச் சாமானை நானே மாடிக்குத் தூக்கிட்டு வரேன். அப்ப என்ன சொல்வே?"

"அப்ப நான் வாயே திறக்கலை."

மகள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். 'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பொய் பழகிப்போயிருந்தது. அதனால், "வா, நானே ஜிம்முல சேர்த்து விடறேன்" என்று சிரித்த முகமாகச் சொல்ல முடிந்தது. ஒரே வாரத்தில் 'ஆளை விடுடி' என்று அம்மா ஓடி வந்துவிடுவாள் என்பது அவள் போட்ட கணக்கு.

மாஸ்டரையும் தனியாகப் பிடித்து, "கொஞ்சம் பெண்டு நிமிர்த்துங்க, தானா விட்டுடுவாங்க" என்று சொல்லிப் பார்த்தாள்.

"அப்படிச் செஞ்சா அடிபட்டுடும். லேசா ஆரம்பிச்சுத்தான் ஏத்தணும்" என்றார் மாஸ்டர். பிறகு பரிதாபமாகச் சொன்னார்: "நான் போதும்னாலும் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு அவங்கதான் என் பெண்டை நிமிர்த்தறாங்க!"

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கியது. அப்புறம் மார்போடு எடையை அணைத்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம் தரையில் கிடந்த எடை கோத்த இரும்புக் கம்பியையே தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லி மகளிடம் நீட்டுகிறவள், இப்போது மகள் திணறினால் பிடுங்கித் திறந்து கொடுத்தாள்.

அம்மாவை ஜிம் வாசலில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்த மகள், மெல்ல மெல்ல உள்ளே வந்து உட்காரத் தொடங்கினாள். போகப் போக மாஸ்டருக்கு முன்னால் இவளே, "முதுகு நேரா இருக்கட்டும்மா" என்று குரல் கொடுத்தாள்.

ஒரு மாலை திரும்பி வரும்போது அம்மா கேட்டாள், "உன் வீட்டுப் பக்கம் இந்த மாதிரி ஜிம் இருக்காடி?"

"தெருமுனையிலயே இருக்கு. ஏன்?"

"உன் முதுகைக் கண்ணாடியில பாரு. வில்லு மாதிரி வளையுது."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் பந்தய நாள் வந்தது. உருளைக்கிழங்கு, எண்ணெய், சோப்பு என்று வேண்டுமென்றே கனமாகப் பார்த்து இரண்டு பைகளை நிரப்பினாள் மகள். அம்மா ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

இரண்டாவது மாடியில் அம்மா நின்றுவிட்டாள். தோள் சுவரில் சாய்ந்தது. மூச்சு இரைத்தது. 'குடும்மா, நான் தூக்கறேன்' என்று சொல்லிக் கையை நீட்டினால் போதும், ஆட்டம் மகள் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆனால் வாயில் வந்தது வேறு.

"குதிகாலை அழுத்தும்மா! இன்னும் ஒரே மாடிதான். விட்டுடாதே!"

அம்மா விடவில்லை. வீட்டுக்குள் போய்ப் பைகளை இறக்கினாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முழங்காலுக்கு வந்தாள். ஒரு காலை முன்னால் வைத்தாள். எதையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றாள்.

மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சந்தோஷம்தான். ஆனால் தன் வீட்டில் புதிதாய்ப் பெயிண்ட் அடித்து, சுவரில் கைப்பிடியெல்லாம் வைத்துக் காத்திருக்கிற அந்த அறை நினைவுக்கு வந்து கண்ணில் நீர் கோத்தது.

"நீ ஜெயிச்சுட்டேம்மா. இனிமே உன்னை என் வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டேன்."

அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அன்னிக்கு நீ எங்கடி கூப்பிட்டே? கீழே கிடந்தவளைத் தூக்கிட்டுப் போகப் பார்த்தே. இப்பக் கூப்பிடு, வரேன்."