காணாமல் போன கொக்கி

சலவை இயந்திரத்துக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தான் ரூபேந்திரன். சோபா மெத்தை, செருப்பு அலமாரி, மகளின் பள்ளிப் பை எல்லாம் ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தன.

"அலமாக்! ஒரு இரும்புக் கொக்கி கால் மொளச்சு ஓடிருமா? நீ பாத்தியா யோகேஸ்?"

"நான் எதுக்குங்க அதத் தொடப்போறேன்?" என்றாள் அவன் மனைவி யோகேஸ்வரி. கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கொக்கி சாமி அலமாரியில், மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருந்தது. வைத்தவளே அவள்தான்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. எட்டு மாதமாக அந்தப் பழைய சாத்ரியா காரை வீட்டுப் போர்ச்சில் பிரித்துப் போட்டு, இஞ்சினை மாற்றி, எடை குறையட்டும் என்று பின் சீட்டையும் கழற்றி ஹாலில் போட்டிருந்தான். இப்போது குடும்பமே அதில் உட்கார்ந்துதான் டிவி நாடகம் பார்க்கிறது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற 'டிராக் டே'க்காக. பணம் கட்டிப் பெயர் கொடுத்தால், பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஆசை தீர ஓட்டலாம்.

"இருநூறு தொடாம எறங்கமாட்டேன்!" என்று அவன் வேலை செய்யும் பத்து பாகாட் ஊர்த் துணி பேக்டரி முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. அவனுடைய கூட்டாளி செல்வா, 'ரூபன் ரேசிங்' என்று அச்சடித்த இருபது டீ-சட்டையோடு, கைதட்ட ஆள் ஏற்றிக்கொண்டு போக வேனும் பிடித்துவிட்டான்.

அந்த இருநூறு கிலோமீட்டர் வேகம்தான் யோகேஸ்வரியைப் பயமுறுத்தியது. ஆயர் ஈத்தாம் ரோட்டில் செம்பனை லாரியைக்கூட முந்தாமல் பின்னாலேயே போகிற மனுஷன் இவர். திடீரென்று இருநூறு என்றால்? போகாதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் எட்டு மாத ஆசையை எந்த வாயால் தடுப்பது?

வியாழக்கிழமை அவனே வழி காட்டினான். விதிமுறைத் தாளை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

"முன்னால டோ ஹூக் இல்லாத காடிய உள்ளயே விடமாட்டாங்களாம். நடுவுல நின்னுட்டா இழுத்துட்டுப் போறதுக்கு."

உள்ளங்கை அளவு கொக்கி. அன்று சாயங்காலமே அது அம்மனிடம் அடைக்கலமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அவளுக்குப் பாதி உயிர் போனது. தேடிக்கொண்டிருந்தவன் அதை அப்படியே நிறுத்திவிட்டு, வழக்கம்போல் குளித்து, சாமி படங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கப் போய்விட்டான். மாரியம்மன் படத்தை அன்றைக்குப் பார்த்துக் கொஞ்சம் கூடுதல் பக்தியோடு துடைத்தான். யோகேஸ்வரி கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் உறைந்து நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தவன், விட்ட இடத்திலிருந்து இன்னும் பலமாகத் தேட ஆரம்பித்தான். தாயே, நீயே அவர் கண்ணை மறைத்துவிட்டாயா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இதோ சனிக்கிழமையும் சாய்ந்துவிட்டது. சலவை இயந்திரமும் கைவிட்ட பிறகு, ஹாலில் கிடந்த பின் சீட்டில் உட்கார்ந்து அவன் செல்வாவோடு போனில் பேசினான்.

"கடையில ஆர்டர் போட்டா செவ்வாக்கெழமதான் வருமாம் லா... ஒன் காடில உள்ளதா? வேணாம் செல்வா, மரை சேராது... என்னா செய்யறது, எட்டு மாசம் ஒழச்சேன். தலையெழுத்து லா."

குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டு, 'ரூபன் ரேசிங்' சட்டையோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஊற்றி வைத்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

யோகேஸ்வரிக்குத் தாங்கவில்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை. இந்த மனுஷனுக்கு இருந்ததே இந்த ஒரு ஆசை. அதையும் கட்டிய பெண்டாட்டியே திருடினால் அம்மன் பொறுப்பாளா? அடுப்படிக்குப் போய் ஒரு போன் பேசி முடித்தவள், நேரே சாமி அலமாரிக்கு வந்து படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். பதற்றத்தில் கொக்கி உடனே அகப்படவில்லை. முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தாள்.

"என்ன மன்னிச்சிருங்க." கொக்கியை அவன் மடியில் வைத்தாள். கண்ணீர் கொட்டியது. "பயந்துபோயி நாந்தான் சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். இனிமே தடுக்கமாட்டேன். நீங்க நல்லபடியா போயி ஓட்டிட்டு வாங்க. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எடுத்து வெச்சிட்டேன்."

ரூபேந்திரன் கொக்கியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"செல்வா அண்ணனுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேங்க. காலைல அஞ்சரைக்கெல்லாம் வேன் நம்ம வாசலுக்கு வந்துருமாம்."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கொக்கி கை நழுவி 'ணங்' என்று தரையில் விழுந்தது.

"அடிப்பாவி... வெள்ளிக்கெழம அத இன்னும் உள்ள தள்ளி வெச்சதே நாந்தான்டி!"