இரு வீட்டுக் கண்ணாடி

"வெளிச்சம் தெரிஞ்சா கல்யாணம் இல்ல. அதான மேடம் கணக்கு?" என்று கேட்டார் தங்கபாண்டி.

"ஆமாங்கய்யா," என்றார் ஷீபா. தேனிக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியை. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் கயல், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

எல்லாம் அவள் வாயால் வந்தது. வெவ்வேறு கண்ணாடிகள் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும், உருக்கி ஒட்டினால் ஆறும்போது ஒன்றையொன்று இழுக்கும் என்று ஒருநாள் வீட்டில் சொல்லியிருந்தாள். போடி ஊரைச் சேர்ந்த எபனேசரைக் கட்டிக்கொள்ள அவள் அனுமதி கேட்டபோது, பெரியப்பா அதையே பிடித்துக்கொண்டார்.

"நம்ம வீடும் அவுக வீடும் அப்படித்தான். ஒட்டாது."

"சோதிச்சுருவோம்ணே," என்றார் அப்பா, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும். "ரெண்டு வீட்டுக் கண்ணாடியையும் நானே வாங்கிக் குடுக்கேன். ஒட்டுச்சுன்னா கல்யாணம். இல்லைன்னா இந்தப் பேச்சே கிடையாது."

முந்தாநாள் அவர் கொண்டுவந்த இரண்டு சில்லுகளையும் ஷீபா உருக்கி ஒட்டி, மெல்ல ஆறவிட்டிருந்தார். இப்போது அதை இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே வைத்தார். இழுவை இருந்தால் ஒட்டிய இடம் ஒளிரும்.

கயல் கண்ணை மூடி வேலப்பரை வேண்டிக்கொண்டாள். இரண்டு வீட்டுக் கண்ணாடி முழுக்கப் பொருந்துவது எவ்வளவு அரிது என்று அவளுக்குத் தெரியும்.

"கண்ணத் திற கயல். கும்மிருட்டு!"

"நல்லாப் பாருங்க மேடம்," என்றார் தங்கபாண்டி. "லேசாக்கூட வெளிச்சம் இல்லையா?"

"இல்லைங்கய்யா. வித்தியாசம் சைபர். இருபது வருசத்துல நான் இப்படிப் பார்த்ததே இல்ல. ஆண்டவர் சித்தம்."

தங்கபாண்டி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். "என்ன செய்ய? வாக்குக் குடுத்துத் தொலைச்சுட்டேன். ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, அண்ணன்கிட்ட காட்டணும்." பிறகு மகளிடம், "எதுக்கு ஆத்தா அழுகுற? மூஞ்சியக் கழுவிட்டு வா, டீ குடிப்போம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கயல் எபனேசரைப் போனில் அழைத்தாள்.

"ஒட்டிருச்சுங்க! உங்க வீட்டுக் கண்ணாடி ஒட்டிருச்சு!"

"எங்க வீட்டுதா? அதுக்குன்னே ஒரு டம்ளரை உடைச்சு வச்சுக்கிட்டு மூணு நாளாக் காத்துக் கிடக்கேன் கயல்... உங்கப்பா இன்னும் இங்கன வரவே இல்லையே!"