நெஞ்சில் ஒரு அரசுப் பொருள்

குடிதண்ணீர் கேட்டு நடந்த மறியலில் போலீஸ் சுட்ட குண்டு, ஆட்டோ ஓட்டும் செவந்தியப்பனின் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கைவிரித்தார். ஆனால் இப்போது ஒவ்வொரு குண்டிலும் அடையாள எண் பொறித்திருக்கிறதே, அரசாங்கம் தன் பொருளை மறந்துவிடுமா? உரிமமில்லாமல் அரசாங்கக் குண்டை வைத்திருப்பதாக நோட்டீஸ் வந்தது. அலையாய் அலைந்து உரிமம் வாங்கினான்.

வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரி, அவன் மார்பில் படுத்துத் தூங்கிய மகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைக்கணும்னு உரிமத்துலயே போட்டிருக்கே, படிக்கலையா?"

"நெஞ்சை எங்க சார் கொண்டுபோய் வைக்கிறது?"

அதிகாரி அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

"ஏணி இருக்கா?"